பெரிய டிரம்முக்கு ஒரு மார்ச்

கீழே நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என் பெரிய டிரம் மேல் கை வைத்துச் சொல்கிறேன். டிரம்முக்கு இப்போது ஆட்டுத்தோல் கிடையாது, பிளாஸ்டிக்தான். பிளாஸ்டிக் மேல் செய்த சத்தியம் செல்லாது என்று சாயாக்கடையில் ஒருத்தர் சட்டம் பேசினார். அதனால் இன்னொரு கையை டிரம்மின் மரச்சட்டத்தின் மேலும் வைத்துக்கொள்கிறேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. இதற்குமேல் பொய் சொல்லி நான் யாரை ஏமாற்றிப் பணக்காரனாகப் போகிறேன்?

அன்று காலை பத்தரை மணிக்கு ஷைலஜாவின் போட்டோஸ்டாட் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மட்டாஞ்சேரியில், யூதர் தெருவான ஜூ டவுனுக்குத் திரும்பும் சந்தில், சுக்கு குடோனுக்கு நேரெதிரே இருக்கிறது கடை. கடைக்குள் எந்தக் காகிதத்தை எடுத்து மோந்தாலும் சுக்கு வாசனை வரும். ஆதார் கார்டு நகல்கூட அப்படித்தான். ஷைலஜா ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு விமான டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு, லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

"மாமா, உங்க டிரம் வரி மட்டும்தான் போட்டிருக்குன்னு நேத்து சொன்னீங்க?"

"ஆமா. அறுபத்திநாலு பார்."

"அப்ப இது என்ன?"

பார்த்தேன். திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எட்டு வரி. ஒவ்வொரு வரிக்கும் ஐந்து கோடு; குறுக்குக் கோடு போட்டுப் பிரித்த ஒவ்வொரு கட்டமும் ஒரு பார். மேலே கிளாரினெட், பிறகு ட்ரம்பெட், சாக்ஸபோன், டிராம்போன் என்று இறங்கி, ஆகக் கடைசி வரி என்னுடைய பெரிய டிரம். நேற்று சாயங்காலம் கடை பூட்டும்போது என் வரியில் மட்டும்தான் புள்ளி இருந்தது. ஒரு அடி, ஒரு சும்மா, ஒரு அடி, ஒரு சும்மா. மேலே ஏழு வரியும் வெறிச்சோடிக் கிடந்தன. இப்போது கிளாரினெட் வரி முழுக்க, மூட்டை பிரிந்து சிதறிய மிளகு மாதிரி புள்ளிகள். சிலதுக்கு வால். சிலதுக்கு இரண்டு வால். கீழே டிராம்போன் வரியிலும் நீளநீளமாக நாலைந்து.

பார்த்த உடனே நான் எழுந்து நின்றதாகவும், ஸ்டூல் பின்னால் விழுந்ததாகவும் ஷைலஜா பிறகு சொன்னாள்.

"பிளே அமுக்கட்டுமா மாமா?"

அமுக்கினாள். கம்ப்யூட்டர் கிளாரினெட்டுக்கு ஜலதோஷம் பிடித்த ஆட்டுக்குரல். ஆனாலும் அந்த ஆட்டின் தொண்டையிலிருந்து வந்தது ஒரு மெட்டு. நிமிர்ந்து நடக்கிறவன் திடீரென்று எதையோ நினைத்துக்கொண்டு, ஆனால் நடையை நிறுத்தாமல் போவதுபோல ஒரு மெட்டு. எதிரே குடோனில் சுக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சுமட்டுத் தொழிலாளிகள் நாலு பேருக்கும் கால் தானாக ஒன்றாக விழுந்தது. கடைசி ஆள் லாரியைத் தாண்டி, சந்தைத் தாண்டி, அப்படியே நடந்து போர்ட் கொச்சி ஜெட்டியில் வைப்பின் தீவுக்குப் போகும் படகில் ஏறிவிட்டான். ஐம்பது கிலோ சுக்கை மறுநாள்தான் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

இது எப்படித் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். எங்கள் பேண்ட் செட்டின் கேப்டன் சஜி. பகலில் ஹோட்டல்களுக்கு ஏசி மாட்டுவான், பெருநாள் வந்தால் ட்ரம்பெட். பள்ளிப் பெருநாளுக்கு, இங்கே பள்ளி என்றால் மாதா கோயில், ஏழு செட் வரும். ஏழும் ஒரே சினிமாப் பாட்டைத்தான் ஊதும். இந்த வருஷம் நமக்கென்று சொந்தமாக ஒரு மார்ச், ஊர்வல நடைக்கான மெட்டு, வேண்டும் என்று சஜிக்குத் தோன்றிவிட்டது. எங்கேயோ ஒரு சைட்டைக் கண்டுபிடித்தான். டவுன்லோடு கிடையாது, காசு கிடையாது. லிங்க்கைத் தொட்டால் ஐந்து கோடு விரியும், புள்ளியை எடுத்துக் கோட்டில் வைத்தால் அதுவே வாசித்தும் காட்டும். எட்டு வரி போட்டு, செட்டின் வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க்கை அனுப்பி, 'அவரவர் பாகத்தை அவரவர் போடுங்க' என்று எழுதினான். இருபத்திரண்டு பேரும் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருத்தரும் ஒரு புள்ளி வைக்கவில்லை.

நான் வைத்ததற்குக் காரணம் என் முட்டி. அதே வாரம் ரிகர்சலில் சஜி என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"ஆறுச்சாமி அண்ணா, முட்டு எப்படியுண்டு?"

"முட்டி நல்லாத்தான் இருக்கு. உன் கண்ணு அதுமேல படாம இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

"கோபப்படாதீங்க அண்ணா. இந்தப் பெருநாளுக்கு ரெஸ்ட் எடுத்துக்கோங்க. டிரம்மைப் பாண்டியராஜ் அடிக்கட்டும்."

பாண்டியராஜ் சஜிக்கு மச்சினன். கலூரில் ஜிம் வைத்திருக்கிறான். என் டிரம்மை ஒற்றைக் கையால் எடுத்து, தூக்குவாளியைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பத்தோரு வருஷமாக ஒரு பெருநாள் விடாமல் அந்த டிரம்மை நான் சுமந்திருக்கிறேன். டிரம் இல்லாமல் ரோட்டோரத்தில் நின்று ஊர்வலம் பார்த்தால் இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியாது. அந்த நினைப்பில் வாய் முந்திக்கொண்டது.

"மார்ச்சை நான் போடறேன்டா. போட்டா டிரம் எனக்கு."

இருபத்தோரு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. டிரம்மில் இருப்பதே ஒரு சுரம். அதிலும் அது சுரமா என்று ஒரு தர்க்கம் இருக்கிறது. சஜி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செரி அண்ணா, வாக்கு. யாரு மார்ச் போட்டாங்களோ அவங்க ஊர்வலத்துல முன்னாடி, மைக்குல பேரு. நீங்கன்னா டிரம்மும் உங்களுக்கு. இல்லைன்னா பாண்டியராஜுக்கு. எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றான்.

ஷைலஜா என் மொபைலை வைத்து எனக்குக் கணக்கு திறந்து கொடுத்தாள். பக்கத்தின் தலையில் 'சங்கீதம்: ஆறுச்சாமி' என்று மலையாளத்தில் அவளே அடித்தாள்; தமிழ் எழுத்து அவளுக்குப் பாதி மறந்துவிட்டது. அறுபத்திநாலு பார் டிரம் போட எனக்கு நாலு நாள் ஆயிற்று. அதற்குமேல் ஏழு வரிக்கும் என்ன போடுவது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. அடித்தளம் போட்டால் சுவர் தானாக எழும்பும் என்று நம்பினேன். ஐந்தாம் நாள் எழும்பியேவிட்டது. அதுதான் ஸ்டூல் விழுந்த கதை.

ஷைலஜா திரையின் மூலையில் கடிகாரம் மாதிரி இருந்த ஒரு படத்தைத் தொட்டாள். யார் எப்போது என்ன மாற்றினார் என்ற பட்டியல் இறங்கியது. ஆட்காட்டி விரலை அதில் வைத்து வாசித்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, விளையாடறீங்களா? நீங்களேதான் போட்டிருக்கீங்க. ஆறுச்சாமி, காலை அஞ்சு இருபத்திநாலு."

"அஞ்சு இருபத்திநாலுக்கு நான் தூங்கிட்டிருந்தேன்."

"அப்ப தூக்கத்துலயா போட்டீங்க?"

யோசித்தேன். வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

"அப்படித்தான் இருக்கணும். முழிச்சிருக்கும்போது எனக்கு ஒண்ணும் வரலையே."

மறுநாள் காலையும் புதிதாகப் புள்ளிகள் இருந்தன. அதற்கு மறுநாள் சாக்ஸுக்கும் ட்ரம்பெட்டுக்கும் சேர்ந்தே வந்தது. மட்டாஞ்சேரியில் எத்தனை சாயாக்கடை உண்டோ அத்தனையிலும் விஷயத்தைச் சொன்னேன். தூக்கத்தில் நடப்பவன் உண்டு, பேசுபவன் உண்டு; தூக்கத்தில் டிராம்போனுக்கு எழுதுபவனை யாரும் கண்டதில்லை. நான்கூட என்னைக் கண்டதில்லை. ஒருநாள் என் கால் கட்டைவிரலில் கயிறு கட்டி மறுமுனையை எவர்சில்வர் தாம்பாளத்தில் முடிந்து படுத்தேன். தாம்பாளம் விழவில்லை, புள்ளிகள் மட்டும் வந்திருந்தன. சரி, எழுந்திருக்காமலே எழுதுகிறேன்போல என்று முடிவு செய்து, இருப்பதிலேயே மரியாதையாக, பேண்ட் தொப்பியும் வெள்ளைக் கையுறையும் மாட்டிக்கொண்டு படுக்க ஆரம்பித்தேன். சரோஜா வாசலில் நின்று பார்த்தாள். சரோஜா என் மனைவி, ஊருக்குச் சரோஜம்மா.

"இது என்ன கோலம்?"

"வேலைக்குப் போறேன்."

சரோஜா விளக்கை அணைத்துவிட்டு, என் மொபைலை எடுத்துக்கொண்டு போய் அடுக்களையில் சார்ஜ் போட்டாள். எங்கள் வீட்டில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே பிளக் அங்கே, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

புதன்கிழமை ஷைலஜா லேப்டாப்பைத் திறந்துவிட்டுக் கேட்டாள். "என்ன மாமா, நேத்து ஒண்ணும் போடலை? தூக்கம் வரலையா?"

"நேத்து மாதிரி நான் தூங்கினதே இல்லை."

"எழுத்தே இல்லையே. திங்கள் வரை இருக்கு, இன்னைக்கு இருக்கு. செவ்வாய் மட்டும் காலி."

அப்போதுதான் நான் முதல்முறையாக அந்தப் பக்கத்தை மெட்டாகப் பார்க்காமல் வரிசையாகப் பார்த்தேன். எட்டு பார் புள்ளிகள், பிறகு ஒரு பார் காலி. மறுபடி எட்டு, மறுபடி ஒரு காலி. அப்புறம் நாலு, ஒரு காலி. நாலு. அதற்குக் கீழே அடுத்த நாள் எழுதியது: எட்டு, காலி, எட்டு, காலி, நாலு, காலி, நாலு. அதற்கடுத்த நாளும் அச்சுக் குத்தியது போல அதேதான். அந்தக் காலி பார்களில் மேலே எல்லாரும் வாயை மூடிக்கொள்ள, கீழே என் டிரம் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருந்தது.

நான் முப்பத்தொரு வருஷம் குடிதண்ணீர் வால்வு திறக்கும் வேலை பார்த்தவன். எந்தச் சந்தில் எத்தனை மணிக்கு எவ்வளவு பிரஷரில் தண்ணீர் ஏறும் என்பது இன்றும் என் மணிக்கட்டுக்குத் தெரியும். எங்கள் சந்தில் காலை ஐந்து இருபதுக்கு வரும். எங்கள் வீட்டில் இரண்டு பெரிய வாளி, இரண்டு குடம். குடம் வாளியில் பாதி. செவ்வாய்க்கிழமை மெயின் பைப் உடைந்து, எங்கள் வார்டுக்கே தண்ணீர் வரவில்லை.

ஷைலஜா என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைவது தெரிந்தது. காதில் ஒன்றும் ஏறவில்லை. தினமும் நான் சாப்பிடும் சாப்பாடு, போடும் சட்டை, படுக்கும் பாய் எல்லாவற்றையும் தொட்டு எடுத்து வைக்கிற ஒரு மனுஷியை எனக்கு யார் என்றே தெரியாது என்று ஒரு சுக்கு வாசனை அடிக்கும் கடையில் உட்கார்ந்து தெரிந்துகொள்வது சின்ன விஷயமா? ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் ஐந்தே காலுக்கு எழுந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, அடுக்களை வாசலில் போய் நின்றேன். சரோஜா குழாயடியில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். பெரிய வாளியில் தண்ணீர் நூலாக விழுந்துகொண்டிருந்தது. இடது கையில் என் மொபைல், சார்ஜர் வயரோடு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையை மூக்குக்கு நேரே பிடித்து, வலது கை விரலால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். தேங்காய்ச் சில்லில் தூசி எடுப்பதுபோல வைத்தாள். ஒன்றை வைத்தாள், பார்த்தாள், எடுத்துவிட்டு அதற்குக் கீழே வைத்தாள். மொபைலில் சத்தமே வரவில்லை, அவளும் முணுமுணுக்கவில்லை. வாளி நிறைந்ததைத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொண்டு, மொபைலை மடியில் வைத்துவிட்டு எழுந்து, வாளியை நகர்த்தி, அடுத்ததை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"சரோஜா."

"தண்ணி வர்ற நேரத்துல பேசாதீங்க."

நின்றேன். இரண்டாவது வாளி, ஒரு குடம், இன்னொரு குடம். குழாய் கொர்ரென்று காற்றை உறிஞ்சி நின்றது. சரோஜா முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"இப்ப கேளுங்க."

"சத்தம் வெக்காம எப்படி எழுதறே?"

"சத்தம் எதுக்கு? பாத்தாலே கேக்குமே."

"யாரு உனக்குச் சொல்லிக்கொடுத்தா?"

"யாரும் சொல்லிக்கொடுக்கலை. கல்யாணத்துக்கு முன்னாடி போர்ட் கொச்சியில பியானோ மேடம் வீட்டுல எட்டு வருஷம் வேலை பாத்தேனில்ல? அந்தம்மா வாசிக்கும்போது பக்கத்துல நின்னு பேப்பர் திருப்பறது நான்தான். திருப்பச் சொல்லித் தலையை ஆட்டுவாங்க. ஆட்ட மறந்துட்டா திட்டு எனக்கு விழும். எத்தனை நாள் திட்டு வாங்கறது? படிச்சுக்கிட்டேன்."

"கட்டிக்கிட்டு நாப்பத்திநாலு வருஷம் ஆச்சு. ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீங்க கேட்டீங்களா?"

நாற்பத்திநாலு வருஷத்தில் நான் அவளிடம் கேட்டவற்றை நின்ற இடத்திலேயே நினைத்துப் பார்த்தேன். உப்பு. சட்டை பட்டன். சைக்கிள் சாவி. பிறகு வேறொரு சாவி. அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்குள் அதைவிட மோசமான ஒன்று எனக்கு உறைத்துவிட்டது.

"அப்ப ஒவ்வொரு பெருநாளுக்கும் ரோட்டுல நின்னு, நான் அடிக்கறதைக் கேட்டியே..."

"கேட்டேன்."

"எப்படி அடிச்சேன்?"

"அரை அடி பிந்தி."

"எந்த வருஷம்?"

"எல்லா வருஷமும்."

"ஒரு தடவைகூடவா சரியா விழலை?"

சரோஜா நன்றாக யோசித்தாள். "எண்பத்தாறுல ஒரு தடவை விழுந்துச்சு. அன்னைக்கு மழை. மத்த எல்லாரும் பிந்திட்டாங்க."

குடத்தின் மேல் தட்டை மூடினாள். நான் கேட்டேன், அப்படியானால் என் டிரம்மையும் திருத்தி எழுதியிருக்கிறாளா என்று.

"உங்களைத் திருத்த முடியுமா? பாட்டைத்தான் உங்களுக்குத் தக்க மாத்தி வெச்சிருக்கேன்."

இதன் அர்த்தம் அப்போது எனக்கு விளங்கவில்லை. ரோஷம் வந்தால் காது பாதிதான் வேலை செய்யும்.

"நடுநடுவுல காலி பார் எதுக்கு?"

"வாளி மாத்த எந்திரிச்சேன்."

"அங்கெல்லாம் என் டிரம் மட்டும் ஒத்தையா அடிக்குது."

"அடிக்கட்டும். நான் வாளி மாத்தி வர்ற வரைக்கும் யாராவது அடிச்சிட்டிருக்கணுமில்ல?" என்றவள், சாயாவுக்குப் பாத்திரம் எடுத்துக்கொண்டே, "தலைப்புல உங்க பேரே இருக்கட்டும். என் பேரை மைக்குல சொன்னா மீன்காரி விலையை ஏத்திடுவா" என்றாள்.

நானும் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். இதை மறைக்கப் போவதில்லை, சத்தியம் செய்திருக்கிறேன். பேர் மாறினால் வாக்கு மாறும். வாக்கு மாறினால் டிரம் பாண்டியராஜுக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடோன் பின்முற்றத்தில் ரிகர்சல். ஷைலஜா ஆளுக்கொரு தாளாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்தாள். சஜி முதலில் கிளாரினெட்டை மட்டும் தனியாக வாசிக்கச் சொன்னான். வாசித்து முடித்தபோது மேலே தகரக் கூரையில் காக்கை நடப்பது கேட்டது.

"ஆறுச்சாமி அண்ணா, இது வேற லெவல் கேட்டோ! இந்த இடம், இங்க கீழ இறங்கிட்டு சட்டுனு திரும்பிப் பாக்குதே, இது எங்கிருந்து வந்துச்சு?"

"தூக்கத்துல" என்றேன்.

எல்லாரும் கை தட்டினார்கள். சாக்ஸ் வாசிக்கும் பிச்சுமணி, என்னைவிட நாலே வயது இளையவன், தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்து குனிந்து என் காலைத் தொட்டான். வாங்கக்கூடாத இடத்தில் வாங்கின அடி மாதிரி இருந்தது. தொட்டது தப்பான கால். அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"மார்ச் நான் போட்டதில்லை. சரோஜா போட்டது."

"ஏது சரோஜா?" என்றான் சஜி.

"என் சரோஜா."

"நம்ம சேச்சியா? கப்பக்கிழங்கும் மீன்கறியும் கொடுத்து விடுமே, அந்தச் சேச்சியா? எந்தா அண்ணா இது!" சஜி ட்ரம்பெட்டைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் தானும் உட்கார்ந்துவிட்டான். இருபது பேரும் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்கள், அங்கே ஏதோ விளக்கம் எழுதியிருக்கும் என்பதுபோல. பிறகு சஜி தலையைச் சொறிந்தான். "அப்ப வாக்குப்படி முன்னாடி நடக்க வேண்டியது சேச்சி. டிரம்..." என்று இழுத்தான். நானே வாரைக் கழற்றி டிரம்மைப் பாண்டியராஜ் கையில் கொடுத்தேன். கை இரண்டும் அந்தரத்தில் நின்றன. பையில் விட்டேன், பை சின்னது.

பாண்டியராஜ் கச்சிதமாக அடித்தான். அதில் குறை சொல்ல முடியாது. அவன் இடது கால் விழுவதும் டிரம் விழுவதும் ஒரே நேரம். பெரிய டிரம் அடிப்பவன் எவனும் தாளைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பான். நாலாவது பாரில் கிளாரினெட்காரன் தடுமாறினான். ஏழாவது பாரில் பிச்சுமணி இரண்டு முறை மூச்சு வாங்கி ஒருமுறையும் விடவில்லை. பத்தாவதில் வரிசை வரிசையின்மேல் மோதி, டிராம்போனின் நீளக்குழல் முன்னால் போனவன் தொப்பியைத் தட்டிக் குடோனுக்குள் எறிந்தது. மறுபடி தொடங்கினார்கள், மறுபடி அதே பத்தாவது. மூன்றாம் முறை தொடங்குவதற்குள் பாண்டியராஜ் வேர்த்துக் கொட்ட வாரைக் கழற்றி மச்சான் சஜியைப் பார்த்தான்.

"எனக்கு வேண்டா அளியா. எனக்குத் தலை சுத்துது. நான் சரியாத்தான் அடிக்கறேன், சரியா அடிச்சா இந்தப் பாட்டு விழுந்துடுது."

சஜி என்னைப் பார்த்தான். போய் மாட்டிக்கொண்டேன். முட்டி முனகியது. எப்போதும் அடிப்பதுபோலத்தான் அடித்தேன், வேறுமாதிரி எனக்கு அடிக்கத் தெரியாது. மெட்டு என் அடிக்காக ஒரு நூலளவு காத்திருந்து, அது விழுந்த பிறகு அதன்மேல் காலை வைத்து ஏறிப் போயிற்று. ஒரு தொப்பியும் விழவில்லை. முதல் காலி பார் வந்தபோது இருபத்தோரு பேரும் நிறுத்த, நான் மட்டும் அடித்தேன். நான் நாற்பத்தோரு வருஷமாகப் பிந்தி வந்துகொண்டிருந்த இடம் அதுதான்போல.

"இது அண்ணன் அடிச்சாலே நிக்கும்" என்றான் சஜி, மெதுவாக, யாரிடமும் இல்லாமல். "வேற யாரு அடிச்சாலும் நிக்காது. சேச்சி அப்படிப் பூட்டி வெச்சிருக்கு."

பெருநாளன்று மைக்கில் 'சங்கீதம் சரோஜம்மா' என்று சொன்னபோது என் பின்னால் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. மீன்காரியாக இருக்கலாம். சரோஜா எங்களுக்கு முன்னால் தனியாக நடந்தாள், காப்பிக்கலர் சேலையும் மடக்கின குடையுமாக, சந்தைக்குப் போகிறவள் போல. ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம். மற்ற ஆறு செட்டும் ஊதுவதை நிறுத்திவிட்டு ஓரமாக நின்று பார்த்தன. முதல் எட்டு பார் முடிந்தது. கிளாரினெட்டுகள் இறங்கின, ட்ரம்பெட்டுகள் இறங்கின. அந்தக் காலி இடத்தில் பள்ளி மணி நின்றது, தோணிகள் நின்றன, கடலே ஒரு அலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. என் டிரம் மட்டும். தும். தும். சரோஜா திரும்பிப் பார்க்கவில்லை. நடந்துகொண்டே வலது கையை லேசாகத் தூக்கி, காற்றில் ஒரு தாளின் மூலையைப் பிடித்து, திருப்பினாள்.

பத்திரமாக வைத்திருக்கிறேன் என் ரேஷன் கார்டை, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்: ஒற்றை ஆள் கார்டு, எடுத்த நாளிலிருந்து இன்றுவரை அதில் என் பெயருக்குக் கீழே வேறு பெயர் ஏறியதில்லை. கல்யாணம் கட்டியவனுக்குத்தானே இன்னொரு பெயர் ஏறும்.